பத்து வாரப் படிப்புக்கு அமெரிக்க அரசு காசு தருமா?

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றபோது ஓர் அம்மா கேட்டார்.

"அண்ணா, இங்க கம்யூனிட்டி காலேஜ்ல ரத்தம் எடுக்கிற படிப்பு பத்தே வாரம்தானாம். ஃபீஸ் 2,800 டாலர் சொல்றாங்க. கவர்மெண்ட் அதுக்குக் காசு தருதாமே, நமக்கெல்லாம் வருமா?"

"கிரீன் கார்டு வந்துடுச்சாம்மா?"

"போன வருஷமே வந்துடுச்சு. ஆனா அவருக்கு ஆகஸ்ட்ல வேலை போயிடுச்சு. அதான் நானும் ஏதாவது பண்ணலாம்னு."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்ஸி., அப்புறம் எம்.பி.ஏ."

அந்த எம்.பி.ஏ.தான் இடிக்கிறது. ஏன் என்று வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்பது அரசுப் பணத்தில் நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரி. இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் 1901-இல் தொடங்கியதுதான் பொதுக் கல்லூரிகளில் முதலாவது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டடம், உள்ளே இரண்டு கடை. ஒன்று கிரெடிட் பக்கம், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் படிப்பு: செமஸ்டர், பாடக் குறியீடு, பட்டம். மற்றது நான்-கிரெடிட் பக்கம்: வெல்டிங், ஏ.சி. மெக்கானிக், மருந்தக உதவியாளர், லாரி ஓட்டுநர் என்று சில வாரங்களில் முடிந்து நேரே வேலைக்கு அனுப்பும் படிப்புகள். அரசுப் பணம் நெடுங்காலமாக முதல் கடைக்கே பாய்ந்தது. பல மாநிலங்கள் கல்லூரிக்கு நிதி ஒதுக்கும்போது கிரெடிட் மாணவரைத் தலை எண்ணி முழுசாகக் கொடுக்கும், நான்-கிரெடிட் மாணவருக்குக் கிள்ளித்தான் கொடுக்கும். தொழிற்கல்விக்கென்றே மத்திய அரசு தரும் பெர்கின்ஸ் நிதியிலும் இதே கதைதான். ஒரு கல்லூரிக்கு அதில் எவ்வளவு பங்கு என்பது, அங்கே தொழிற்பிரிவுகளில் பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த மாணவருக்கு மத்திய அரசு தரும் மானியம்) வாங்கும் மாணவர் எத்தனை பேர் என்பதை வைத்தே பெரும்பாலும் முடிவாகிறது. பெல்லுக்கே தகுதியில்லாத குறுகிய படிப்பில் சேர்ந்தவர் அந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

பெல் கிராண்ட் 1972-இல் வந்தது. ரோட் ஐலண்டு செனட்டர் கிளேபோர்ன் பெல்லின் பெயரை 1980-இல் சூட்டினார்கள். இது கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 2025-26 கல்வியாண்டில் ஒருவருக்கு அதிகபட்சம் 7,395 டாலர். ஆனால் படிப்பு குறைந்தது 15 வாரமும் 600 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று ஒரு வேலி போட்டிருந்தார்கள். 300 முதல் 599 மணி நேரப் படிப்புகளில் சிலவற்றுக்கு மாணவர் கடன் மட்டும் கிடைக்கும், மானியம் கிடையாது. ஏழை மாணவரைப் பார்த்து "கடன் வாங்கிக்கோ, இனாம் கேட்காதே" என்று சொன்ன விதி என்றே இதை நான் நினைக்கிறேன். வேலி போட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பெல் பணம் லாப நோக்கில் நடக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் போகும். நாலு நாற்காலி போட்டு "ஆறே வாரத்தில் வேலை" என்று போர்டு மாட்டினால் போதும் என்று ஆகிவிடக்கூடாதே.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டம் இந்த வேலியில் ஒரு வாசல் திறந்தது. பெயர் ஒர்க்ஃபோர்ஸ் பெல். நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஜூலை 1. 8 வாரத்துக்குக் குறையாமல் 15 வாரத்துக்குள், 150 மணிக்குக் குறையாமல் 600 மணிக்குள் முடியும் படிப்புக்கும் இனி பெல் உண்டு.

வாசலில் காவல் பலமாகவே இருக்கிறது. முதலில் மாநில கவர்னர் அந்தப் படிப்பை ஏற்க வேண்டும். இங்கே கவர்னர் என்பவர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம்மூர் முதலமைச்சர் மாதிரி. அந்தத் தொழிலில் ஆள் தேவை இருக்கிறதா, முதலாளிகள் கேட்கும் தகுதியை இது தருகிறதா, இந்தச் சான்றிதழ் ஒரே கம்பெனியில் மட்டும் செல்லாமல் வேறிடத்திலும் செல்லுமா, பிறகு மேலே படிக்கப் போனால் கிரெடிட்டாகக் கணக்கில் எடுப்பார்களா என்று அவர் தரப்பில் பார்ப்பார்கள். அதைத் தாண்டினால் மத்திய கல்வித் துறை. படிப்பு ஏற்கெனவே ஓராண்டாவது நடந்திருக்க வேண்டும். சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேர் முடித்திருக்க வேண்டும். முடித்தவர்களில் 70 சதவீதம் பேர் 180 நாள் கழித்துப் பார்த்தால் வேலையில் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிச் சோதனை. முடித்தவர்களின் சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நட்ட நடுவில் நிற்கும் சம்பளத்தை எடுத்து, அதிலிருந்து தனிநபர் வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்கைக் கழிப்பார்கள். அந்தந்த ஊர் விலைவாசிக்கேற்ற திருத்தமும் உண்டு. மிச்சம் நிற்கும் தொகையைவிடக் கல்லூரிக் கட்டணம் அதிகமாக இருக்கக்கூடாது. 2025-இல் தனிநபர் வறுமைக் கோடு 15,650 டாலர், ஒன்றரை மடங்கு 23,475. முடித்தவர் 36,000 சம்பாதித்தால் மிச்சம் 12,525. கட்டணம் 2,800 என்றால் கவலையே இல்லை. அதே படிப்பை முடித்துவிட்டு 25,000 தான் கிடைக்கிறது என்றால் மிச்சம் 1,525. 2,800 டாலர் படிப்பு அங்கேயே அடிபட்டுப் போகும். படிப்புக்குக் கொடுத்த காசு சம்பளத்தில் திரும்ப வருமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் விரல் விட்டு எண்ணும் அதே கணக்குதான்.

இன்னொரு பக்கம், கூட்டம் அதிகம் சேரும் சில படிப்புகள் இந்த வாசலுக்கு வெளியேயே நின்றுவிடுகின்றன. செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கு மத்திய அரசு கேட்கும் குறைந்தபட்ச நேரமே 75 மணிதான். மாநிலங்கள் கூட்டி வைத்தாலும் 150-ஐத் தொடாத இடங்கள் உண்டு. லாரி ஓட்டுநர் பயிற்சி பல கல்லூரிகளில் நாலைந்து வாரத்தில் முடிந்துவிடும், 8 வாரம் வராது. படிப்பை இழுத்து நீட்டினால் பணம் வரும் என்ற ஆசை கல்லூரிகளுக்கு வரத்தான் செய்யும். 15 வாரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

சரி, கைக்கு எவ்வளவு வரும்? 7,395 முழுசாக வராது. மணிக்கணக்கில் நடக்கும் படிப்புக்கு ஒரு முழுக் கல்வியாண்டு என்பது 900 மணி, 26 வாரம். உங்கள் படிப்பு அதில் எத்தனை பங்கோ, பணத்திலும் அத்தனை பங்குதான். மணி, வாரம் இரண்டில் எது குறைவோ அதுவே எடுபடும். அந்த ரத்தம் எடுக்கும் படிப்பு பத்து வாரம், 180 மணி என்று வைத்துக்கொள்வோம். 900-இல் 180 என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஆக அதிகபட்சம் 1,479 டாலர். 2,800-இல் மீதி 1,321 கைக்காசு. ஆயுளுக்கும் ஒருவருக்கு 12 செமஸ்டர் அளவே பெல் என்ற வரம்பில் இதுவும் கழியும்.

யாருக்கு வரும் என்பதில்தான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். குடியுரிமை உள்ளவர், கிரீன் கார்டு உள்ளவர், அகதி நிலை பெற்றவர் முதலானோருக்கு உண்டு. ஹெச்-1பி (வேலை), ஹெச்-4 (அவர்களின் கணவன், மனைவி, பிள்ளைகள்), எஃப்-1 (மாணவர்) விசாக்காரர்களுக்குக் கிடையாது. ஹெச்-4-இல் இருப்பவர் காலேஜில் சேர்ந்து படிக்கத் தடையில்லை, பெல் மட்டும்தான் வராது. இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரின் விசா தடையே அல்ல. விண்ணப்பம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஃபாஃப்சா என்னும் மத்திய அரசின் நிதியுதவிப் படிவம். படிப்புத் தகுதியில் ஒரு புதுமை இருக்கிறது. வழக்கமான பெல் இளநிலைப் பட்டம் வாங்கியவருக்குக் கிடைக்காது. ஒர்க்ஃபோர்ஸ் பெல் பி.இ., பி.எஸ்ஸி. முடித்தவருக்கும் கிடைக்கும். முதுநிலை முடித்தவருக்குக் கிடையாது. பட்டம் ஊரில் வாங்கியது என்பதால் கணக்கில் வராமல் போகாது.

வருமானம் அடுத்த தடை. தாய் தந்தை இருவரும் உள்ள நாலு பேர் குடும்பத்தில் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 55,000 டாலருக்குள் இருந்தால் முழு பெல்லுக்குத் தகுதி. அதற்கு மேலே போகப்போகக் குறையும். ஐ.டி. சம்பளக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் தேறாது. ஆனால் ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக்கணக்கு. 2026-27-க்கு 2024 வருமானம். நடுவில் வேலை போயிருந்தால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் வேலைநீக்கக் கடிதத்தைக் காட்டி, இப்போதைய நிலையை வைத்துக் கணக்கிடக் கேட்கலாம். அந்த அதிகாரம் அவர்களுக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்காதவருக்கு அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

பெல் இல்லையென்றால் எல்லாம் போச்சு என்று இல்லை. 2014-இல் வந்த தொழிலாளர் வாய்ப்புச் சட்டத்தின் கீழ், வேலை இழந்தவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் பயிற்சிக் கட்டணம் தர ஒரு நிதி இருக்கிறது. மத்திய அரசிடமிருந்து மாநிலத்துக்கும், அங்கிருந்து உள்ளூர் வாரியத்துக்கும் வரும் பணம் அது. போக வேண்டிய இடம் அமெரிக்கன் ஜாப் சென்டர் என்னும் வேலைவாய்ப்பு உதவி மையம். படிப்பு மாநிலத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும், தொகை ஊருக்கு ஊர் மாறும். வகுப்பில் சேருவதற்கு முன்னாலேயே ஒப்புதல் வாங்குங்கள். ஃபீஸைக் கட்டிவிட்டு ரசீதோடு போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

மாநிலங்களும் தனித்தனியே கை கொடுக்கின்றன. கலிஃபோர்னியாவில் நான்-கிரெடிட் வகுப்புக்குக் கட்டணமே இல்லை. டென்னசியில் பட்டம் இல்லாத பெரியவர்களுக்கு 2018 முதல் ரீகனெக்ட் என்ற கட்டண உதவித் திட்டம் இருக்கிறது. வர்ஜீனியா 2016-இல் தொடங்கிய ஃபாஸ்ட்ஃபார்வர்டு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. மாணவர் மூன்றில் ஒரு பங்கு கட்டிச் சேருகிறார். படிப்பை முடித்தால் அடுத்த பங்கையும், சான்றிதழ் வாங்கினால் கடைசிப் பங்கையும் மாநிலம் கல்லூரிக்குக் கொடுக்கிறது. பாதியில் விட்டால் இரண்டாம் பங்கும் மாணவர் தலையில். டெக்சாஸ் 2023-இல் இதே எண்ணத்தைக் கல்லூரிகள் பக்கம் திருப்பியது. எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதைவிட, எத்தனை பேர் வேலைக்கு உதவும் சான்றிதழோடு வெளியே போனார்கள் என்பதற்கே நிதியில் பெரும்பங்கு.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃபார்ம்ல எம்.பி.ஏ.வ எழுதாம விட்டா என்னண்ணா?" என்றார். தெரிந்தே பொய் சொன்னால் 20,000 டாலர் வரை அபராதமோ சிறையோ இரண்டுமோ வரலாம் என்பதைச் சொன்னேன்.

"அப்ப அவரையே அனுப்பிடறேன். அவர் வெறும் பி.இ.தான். வேலையும் போயிடுச்சு."

"ரெண்டு கதவும் அவருக்குத்தாம்மா திறக்கும். திங்கட்கிழமை முதல்ல ஜாப் சென்டர், அப்புறம் காலேஜ். ஆகஸ்ட்ல கொடுத்த லெட்டரை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"ஊசியைப் பார்த்தாலே மயக்கம் போடற ஆளு அவரு" என்றார். ஏ.சி. மெக்கானிக் படிப்பு பக்கத்து வரிசையில்தான் இருக்கிறது.