பெரிய பாய்லர் வாங்குறதுக்கு முன்னாடி செட்டிங்க பாருங்க

இந்த மாசம் இது மூணாவது வீடு. கேமரன் மலை ரிங்லெட் பக்கம் பழைய தொர பங்களாவ ஹோம்ஸ்டேயா நடத்துற அக்கா போன் பண்ணாங்க, "தம்பி, பாய்லர் பத்துது, நிக்குது, திரும்ப பத்துது, ராத்திரி பூரா இதே சத்தம், கேஸ் தோங்கும் (சிலிண்டர்) சீக்கிரம் காலியாவுது"ன்னு. போன வருசம் யாரோ வந்து, பாய்லர் சின்னது அதான் இப்படி, பெருசா போட்டா சரியாயிடும்னு சொல்லி 24 கிலோவாட் மாட்டிட்டுப் போயிருக்காரு. முன்ன அஞ்சு நிமிசத்துக்கு ஒருவாட்டி நின்னது இப்ப ரெண்டு நிமிசத்துக்கு ஒருவாட்டி நிக்குது.

தயவுசெஞ்சு இத மட்டும் புரிஞ்சுக்கோங்க. பாய்லர் நேரா உங்க குளிக்கிற தண்ணிய சூடு பண்ணல, டேங்க் உள்ள இருக்குற காயில், அதாவது சுருள் குழாய் வழியாத்தான் சூடு போவுது. தேயிலக் கொளுந்து கூடையோட இருபது பேரு நிக்கிறாங்க, தராசு ஒண்ணுதான், இன்னும் இருபது பேர அனுப்புனா நிறுவை வேகமாவுமா? ஆவாது, வரிசதான் நீளும். காயில்தான் அந்த தராசு. டேங்க் பச்சத்தண்ணியா இருக்குறப்ப காயில் நல்லா இழுக்கும், 50 டிகிரி தாண்டுனா இழுக்குறது கொறஞ்சிரும். ஆனா 24 கிலோவாட் பாய்லர் நிறைய மாடல்ல 7, 8 கிலோவாட்டுக்குக் கீழ எரியவே முடியாது. மிச்ச சூடு எங்க போவும்? பைப்புலயே சுத்தி வந்து பாய்லர் தண்ணி கொதிக்கப் பாக்கும், அது தன்னைக் காப்பாத்திக்க நின்னுரும், ஆறுனதும் திரும்ப பத்தும். பெருசா போட்டா இது கூடத்தான் செய்யும், கொறையாது.

அக்கா வீட்டுல பாய்லரும் 60, டேங்க் தெர்மோஸ்டாட்டும் 60. ரெண்டும் ஒண்ணா இருந்தா சூடு எப்படி எறங்கும்? பாய்லர 80க்கு ஏத்தி, டேங்க 60லயே விட்டேன். கேஸ் செலவு பயத்துல டேங்க 45க்கு எறக்குறவங்களும் இருக்காங்க, அது வேணாம், 20லருந்து 45 வரைக்கும் லெஜியனெல்லா கிருமிக்கு சொர்க்கம். புள்ளைங்க கைய சுட்டுக்கும்னா பைப்புல மிக்சிங் வால்வு (சுடுதண்ணியில பச்சத்தண்ணி கலந்து விடுறது) போடுங்க.

அப்புறம் மண்ணு. நம்ம மலை கருங்கல் மலை, தண்ணியில சுண்ணாம்பு கம்மி, காயில்ல வெள்ளையா படியிறது பெரிய பிரச்சன இல்ல. ஆனா மழ பேஞ்சா தண்ணி செவப்பா வருதே, ரிங்லெட் ஏரியே மண்ணு மூடிக் கெடக்கு, உங்க டேங்க மட்டும் விட்டுருமா? அடி வால்வ தொறந்தேன், மூணு வாளி செஞ்சேறு. காயில் பாதி அதுக்குள்ள புதைஞ்சு கெடந்துச்சு. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி கழுவி விடுங்க, அம்புட்டுதான் செலவு.

டேங்க் சூட்ட அளக்குற சென்சர், அதுக்குன்னு இருக்குற குழாயில சரியா மாட்டாம தொங்கிட்டு இருந்துச்சு, பேஸ்ட் போட்டு உள்ள தள்ளுனேன். பாய்லர் மெனுவுல அதிகபட்ச பவர 14 கிலோவாட்டுக்குக் கொறச்சு, டேங்க் 10 டிகிரி எறங்குனாத்தான் திரும்ப பத்துற மாதிரி தெர்மோஸ்டாட் வித்தியாசத்த வச்சேன், இல்லாட்டி யாரோ கை கழுவுனாலே பத்திக்கும். 150 லிட்டர 20லருந்து 60க்கு கொண்டு வர சுமார் 7 யூனிட் (கிலோவாட்-மணி) சூடு வேணும். அர மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு, கடைசியில ரெண்டு தடவ நின்னுச்சு. அந்த ரெண்டு சகஜம், அதுக்கெல்லாம் பயந்து போன் பண்ண வேணாம்.

ஒண்ணு பாத்து எனக்கு கோவமே வந்துருச்சு. குளிருதுன்னு பாய்லர் ரூம் ஜன்னல பிளாஸ்டிக் போட்டு மூடி வச்சிருக்காங்க! கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கெடையாது, தூங்குறவன் எந்திரிக்க மாட்டான். அத நானே கிழிச்சுப் போட்டேன். புகக்குழாயயும் கேஸ் லைனையும் பதிவு பெத்த ஆளுதான் தொடணும், மச்சான், பக்கத்து வீட்டு பையன் யாரையும் தொட விடாதீங்க.

ஆளக் கூப்புடுறதுக்கு முன்னாடி போன்ல டைமர் வச்சு எத்தன நிமிசம் எரியுது, எத்தன நிமிசம் நிக்குதுன்னு எழுதி வைங்க, பாய்லர் டிகிரியும் டேங்க் டிகிரியும் போட்டோ எடுங்க. வர்ற ஆளு அத பாக்காமலே பெருசு மாத்தணும்னு சொன்னா, ப்ளீஸ்லா, வேற ஆளக் கூப்புடுங்க.