போத்தல் உடையவில்லை, மை ஏன் கெட்டது?

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். ரொறன்ரோவில் படிக்கும் பேரனுக்குப் பரீட்சை. கோவிலில் வைத்து எடுத்த பேனையையும் ஒரு போத்தல் கறுப்பு மையையும் ஜனவரியில் பார்சல் போட்டார். போத்தல் உடையாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் அடியில் கறுப்பு மண்டி, மேலே சாம்பல் நிறத் தண்ணீர். எழுதினால் வெளிறிப் போகிறது, பேனை அடைத்துக்கொள்கிறது. "சகுனம் சரியில்லை என்று வீட்டில் புலம்புகிறார்கள். எனக்கென்னவோ கடையில் போலி மையைத் தந்துவிட்டார்கள் என்று படுகிறது. எது உண்மை?"

இரண்டும் இல்லை ஐயா. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் மை வழியில் உறைந்து, பிறகு உருகியிருக்கிறது. ரொறன்ரோவில் ஜனவரி இரவு -10 பாகைக்குக் கீழே இறங்குவது வழமை. பார்சல் ஒரு இரவு தபால் வாகனத்திலோ, வாசல் தபாற்பெட்டியிலோ கிடந்தால் போதும்.

உறைந்தால் போத்தல் வெடிக்கும் என்பது பலருக்கும் தெரியும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். 50 மில்லிலீற்றர் மை 54 மில்லிலீற்றரைத் தாண்டிவிடும். மேலே இடம் விட்டிருந்தால் பெரும்பாலும் தப்பும். ஆனால் கழுத்துப் பகுதி முதலில் உறைந்து தக்கை போல் அடைத்துவிட்டால், மேலே இடமிருந்தும் பயனில்லை. உங்கள் போத்தல் தப்பியது. மை தப்பவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

சின்ன வயதில் ஐஸ்பழம் உறிஞ்சியதை நினைத்துப் பாருங்கள். இரண்டு உறிஞ்சலில் சிவப்பும் இனிப்பும் வாய்க்குள் வந்துவிடும். குச்சியில் மிஞ்சுவது வெள்ளைக் கட்டி, சப்பென்று இருக்கும். சீனியும் சாயமும் தண்ணீரோடு கலந்து உறையவில்லை என்பதுதான் காரணம். பளிங்குகளுக்கு இடையில் திரவமாக ஒதுங்கி நின்றவை, உறிஞ்சியதும் வந்துவிட்டன.

பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அயல் மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்பால் பிடித்துக்கொள்கிறது. அப்படியே அறுகோணக் கூடுகள் அடுக்கடுக்காக வளரும். அந்த அடுக்குக்குள் பிறத்தியாருக்கு இடமே கிடையாது. உப்பு, சீனி எதையும் அது சேர்க்காது. மைச் சாயத்தின் மூலக்கூறோ பல வளையங்கள் கோத்த பெரிய உரு. அதற்கு எங்கே இடம்? பனி முன்னேற முன்னேற, தனக்கு முன்னால் இவை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போகிறது.

இதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று கொட்டாஞ்சேனையில் என் வீட்டு ஃபிரீசரில் செய்து பார்த்தேன். ஒளி ஊடுருவும் இரண்டு யோகட் கப்பில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு நீல மை விட்டேன். ஒன்றை அப்படியே வைத்தேன். மற்றதைத் துவாயால் நன்றாகச் சுற்றி வைத்தேன். அடுத்த நாள், சுற்றாத கப்பில் கலங்கிய வெளிர்நீலம். துவாயை அவிழ்த்ததும் மற்றக் கப்பைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஓரமெல்லாம் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. நடுவில் மட்டும், திரி மாதிரி ஒரு கடுநீலத் தண்டு, அதிலிருந்து மெல்லிய நீல நரம்புகள் சில வெளியே ஓடின. மெதுவாக உறைந்ததால் பனிக்குச் சாயத்தை நடுவுக்குத் தள்ள நேரம் கிடைத்தது. அவசரமாக உறைந்த கப்பில் பனி சாயத்தை அங்கங்கே சிறைப்பிடித்துவிட்டது. உள்ளே சேர்க்கவில்லை, இடுக்குகளில் அடைத்துவைத்தது.

துருவக் கடலிலும் இதே கதைதான். கடல்நீர் ஏறத்தாழ -1.9 பாகையில் உறையும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. அந்தக் கனத்த உப்புநீர் ஆழத்துக்கு இறங்கி, உலகப் பெருங்கடல்களின் ஆழ்நீரோட்டத்துக்கு உந்துதல் கொடுக்கிறது. ஒரு யோகட் கப்பும் அந்தாட்டிக் கடலும் ஒரே விதிக்கு அடங்குவதை நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சரி, உங்கள் கறுப்பு மைக்கு வருவோம். சாய மை என்றால் உருகியதும் சாயம் திரும்பவும் கரைந்துவிடும். குலுக்கினால் பெரும்பாலும் பழைய மைதான். உங்களுடையது காபன் துணிக்கைகள் மிதக்கும் மையாக இருக்கவேண்டும். அவை கரைவதில்லை. ஒரே மின்னேற்றம் உள்ளவை என்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. உறையும்போது பனி அவற்றை ஒரு மூலைக்கு நெருக்குகிறது. கூடவே அங்கே உப்பும் செறிவதால் விலக்கும் விசை தளர்கிறது. துணிக்கைகள் முட்டி ஒட்டிக்கொள்கின்றன. ஒருதரம் ஒட்டினால், உருகினாலும் பிரியமாட்டா. நீங்கள் பார்த்த மண்டி அதுதான். அதைப் பேனையில் ஊற்றவேண்டாம், நிப்புக்கு அடியில் மை இறங்கும் நுண்ணிய வழி அடைபடும்.

இது பேனைப் பிரியர்களின் கவலை மட்டுமல்ல. அலுமினிய உப்பு சேர்த்த தடுப்பூசிகள் உறைந்தாலும் இப்படித்தான் துணிக்கைகள் திரண்டு, மருந்து வீரியம் இழக்கும். அதனால்தான் அவற்றை 2 முதல் 8 பாகைக்குள் வைக்கிறார்கள். சந்தேகம் வந்தால், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய இன்னொரு குப்பியோடு சேர்த்துக் குலுக்கி வைத்துப் பார்ப்பார்கள். உறைந்தது சீக்கிரம் அடியில் படியும். குழந்தைகளைக் காக்கும் இந்தச் சோதனைக்குப் பின்னால் இருப்பதும் பனி ஒதுக்கித் தள்ளும் இதே பௌதிகம். பனிக்கட்டி ஆராய்ச்சி வெப்பநாட்டுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, எந்தக் கிளினிக்கிலும் இருக்கும் தடுப்பூசிப் பெட்டியைத்தான் காட்டுவேன்.

இனி அனுப்புவதென்றால்: சாய மையை, பிளாஸ்டிக் போத்தலில், பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு, இறுக மூடிய உறைக்குள் வையுங்கள். பக்கத்தில் நன்றாக ஒட்டிய சிறு தண்ணீர்ப் பைகள் இரண்டு வைத்து, எல்லாவற்றையும் தடித்த ரெஜிஃபோம் (தெர்மோகோல்) பெட்டியில் அடையுங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு பாகை குளிர 4.2 யூல் வெப்பம் விட்டால் போதும். 0 பாகையில் உறைய 334 யூல் விடவேண்டும். அந்தப் பைகள் முழுதும் உறைந்து முடியும்வரை பெட்டிக்குள் 0 பாகைக்குக் கீழே பெரிதாக இறங்காது. மையில் கிளிசரின் போன்றவை கலந்திருப்பதால் அது உறைய 0 பாகை போதாது. இப்படி ஒரு இரவைக் கடத்திவிடலாம்.

பார்சல் கிடைத்ததும் பேரன் உடனே திறக்கவேண்டாம். மூடிய உறையோடு ஒரு கிண்ணத்தில் வைத்து, மை உறைந்திருந்தால் அறைச் சூட்டில் தானாக உருகவிடட்டும். கண்ணாடிப் போத்தலாக இருந்தால், சுடுதண்ணீரில் வைத்தால் வெடிக்கும். காபன் மைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஏப்ரல் முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், சகுனம் என்று அந்தப் பிள்ளையின் காதில் விழ விடாதீர்கள் ஐயா. பரீட்சைக்குப் போகிற பிள்ளை. அவனிடம் இரண்டு கப்பும் ஒரு துவாயும் எடுக்கச் சொல்லுங்கள். ஃபிரீசர்கூட வேண்டாம், அங்கே வாசலில் வைத்தாலே போதும்.