ஊமைப்படத்தை ஓட்டிய கை

பழைய செய்திப்படங்களில் காந்தி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரயிலைத் தவறவிடப் போகிறவர் மாதிரி விறுவிறுவென்று போவார். அவர் நிஜத்திலும் வேக நடைக்காரர்தான், சரி. ஆனால் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறவர்கூட ஏன் அதே படபடப்போடு தலையைத் திருப்புகிறார்? காரணத்தைத் தேடிப் போனால் ஒரு கைப்பிடியில் வந்து நிற்கும்.

ஊமைப்படக் காலத்தின் பெரும்பகுதியில் கேமராவையும் சரி, படம் காட்டும் கருவியையும் சரி, கையால்தான் சுற்றினார்கள். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டிய கருவியில், கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் சுருளில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன நிழற்படங்களில் 8 நகரும். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 படங்கள். அடுத்த ஆண்டு ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஓட்டலில் அந்தக் கருவி ஓடியது. 1905இல் திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ஒரு கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கினார். அப்புறம் வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார்.

சுற்றினால் படம் ஓடும் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் படம் 'ஓடக்' கூடாது. சுருள் நிற்காமல் ஓடினால் திரையில் வெறும் கலங்கல்தான் தெரியும். ஒவ்வொரு படமும் விளக்குக்கு முன்னால் வந்து அசையாமல் நிற்க வேண்டும், பிறகு சட்டென்று அடுத்ததற்கு இடம்விட வேண்டும். தையல் மிஷினில் துணி நகர்வதைக் கவனித்தால் இது புரியும். ஊசி துணிக்குள் இருக்கும்வரை துணி நிற்கும், ஊசி மேலேறியதும் ஓர் எட்டு நகரும். லூமியர் கருவிக்கு யோசனை கிடைத்ததே தையல் மிஷினிலிருந்துதான்.

பின்னால் வந்த கருவிகளில் 'மால்டா சிலுவை' என்ற சக்கரம் பரவலாகியது. எனக்கு இதைவிட அழகான இயந்திர உறுப்பு தெரியாது. நான்கு பள்ளங்கள் கொண்ட சிலுவை வடிவச் சக்கரம் ஒன்று, அதன் பக்கத்தில் நிற்காமல் சுழலும் வட்டு ஒன்று. வட்டில் ஒரு முளை இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முளை ஒரு பள்ளத்துக்குள் புகுந்து சிலுவையைக் கால்வட்டம் தள்ளிவிட்டு வெளியேறும். வட்டு சுற்றி வர எடுக்கும் நேரத்தில் கால் பங்கு சிலுவை திரும்பும், மீதி முக்கால் பங்கு அசையாமல் நிற்கும். சிலுவையோடு சேர்ந்து திரும்பும் பல்சக்கரத்துக்கு 16 பற்கள், சுருளில் ஒரு படத்துக்கு ஓரமாக 4 துளைகள். ஆக, கால்வட்டத்துக்குச் சரியாக ஒரு படம். கை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்க, சுருள் மட்டும் நின்று நின்று போகும்.

நகரும் அந்தக் கால் பங்கு நேரத்தில் திரையில் வெளிச்சம் விழக் கூடாது. அதற்காக விசிறி போன்ற ஒரு தகடு விளக்கை மறைக்கும். நொடிக்கு 16 தடவை இப்படி மறைத்தால் திரை கண்கூசும்படி மினுக்கும். ஆங்கிலேயர்கள் சினிமாவுக்கு 'ஃப்ளிக்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்ததே இந்த மினுக்கலால்தான். இதைத் தீர்த்த விதம் வேடிக்கையானது: இருட்டை இன்னும் கூட்டினார்கள்! விசிறிக்கு மூன்று இதழ்கள் வைத்து, நிற்கிற படத்தையும் இரண்டு தடவை மறைத்தார்கள். இப்போது நொடிக்கு 48 மறைப்புகள். அந்த வேகத்தில், மங்கலான திரையில், கண் மினுக்கலை அவ்வளவாகப் பிரித்தறிவதில்லை. காசு கொடுத்து உள்ளே போனவர்கள் ஏறக்குறைய பாதி நேரம் இருட்டைத்தான் பார்த்தார்கள்.

நின்ற படங்கள் அசைவாகத் தெரிவதற்குக் காரணம், பிம்பம் கண்ணில் சிறிது நேரம் தங்குவதுதான் என்று பள்ளியில் படித்திருப்போம். அது மட்டும் போதாது. தங்குவது மட்டுமே நடந்தால் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து குழம்பியிருக்கும். இரண்டு இடங்களில் அடுத்தடுத்துத் தெரியும் ஒன்றை 'நகர்ந்தது' என்று தீர்மானிப்பது மூளை. இதை 1912இல் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் சோதனைகளால் காட்டினார்.

சரி, வெளிச்சம் எங்கிருந்து வந்தது? மின்சாரம் எட்டாத இடங்களில் சுண்ணாம்பு கைகொடுத்தது. சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜன் கலந்த கடும் சுடரில் காய்ச்சினால் வெள்ளை வெளேரென்று ஒளிரும். மின்சாரம் இருந்தால் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே மின்பொறி வில். குச்சிகள் எரிந்து தேயத் தேய, இடைவெளியை ஆபரேட்டர் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். எதிரே இருந்ததோ நைட்ரேட் பிலிம். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீரில் அமிழ்த்தினாலும் அணையாது. சுருள் ஓரிடத்தில் சிக்கி நின்றால், விளக்குச் சூடே அதைப் பற்றவைத்துவிடும். ஒரு கை சுற்ற, இன்னொரு கை கார்பனைத் தள்ள, கண் திரையில் இருக்க, அந்த ஆபரேட்டருக்குக் கொடுத்த சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் குறைவுதான்.

வேகம் அவர் கையில்தான் இருந்தது. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். நொடிக்கு 16 என்று ஓட்டினால் 1000 அடிச் சுருள் 16 நிமிடம் 40 நொடி ஓடும். கொஞ்சம் விரட்டினால் 12 நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த காட்சிக்கு ஆள் ஏற்றலாம். சண்டைக்கு வேகம், சோகத்துக்கு நிதானம் என்று தானாகவே தாளம் மாற்றுகிறவர்களும் உண்டு. பக்கத்தில் வாத்தியம் வாசிப்பவரும், திரையருகே நின்று கதை சொல்பவரும் அதற்கேற்ப ஈடுகொடுப்பார்கள். ஒரே கருவி என்றால் ஒவ்வொரு சுருளுக்கும் ஓர் இடைவேளை.

பேசும் படம் வந்ததும் இந்தச் சுதந்திரம் போயிற்று. வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். குரல் கீச்சென்றோ கட்டையாகவோ மாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். எனவே மோட்டார் வைத்து நொடிக்கு 24 என்று கட்டிப்போட்டார்கள். 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லாரும் ஒன்றரை மடங்கு வேகமாக நடப்பார்கள், வேடிக்கை பார்க்கிறவர் உட்பட.

இதைச் சரிக்கட்ட ஒரு பழைய வழி உண்டு. ஒன்றுவிட்டு ஒரு படத்தை இரண்டு முறை பதித்தால் 16 என்பது 24 ஆகிவிடும். நடை இயல்பான வேகத்துக்கு வரும், ஆனால் லேசாக நொண்டும்.