எதிரே நிற்பவன் தங்கச்சியின் கொழுந்தன்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த ஒருவர், சுருக்குமடி வலைத் தகராறில் பக்கத்துக் குப்பத்தோடு கைகலப்பு ஆன கதையைச் சொன்னார். (மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் வலை இது. தமிழ்நாட்டில் சுருக்குமடிக்கு 2000லேயே தடை போட்டாயிற்று, தகராறுதான் ஓயவில்லை.) எல்லாரும் கட்டையோடு ஓட, இவர் மட்டும் பின்தங்கிவிட்டாராம். "எதிர்ல நிக்கிறது என் தங்கச்சியோட கொழுந்தன். அவன் மண்டைய ஒடச்சிட்டு ஆடிச் சீரோட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

மனுசன் ஏன் அடித்துக்கொள்கிறான் என்று எல்லாரும் கேட்கிறோம். அடி எப்படி நிற்கிறது என்பது அதைவிடச் சுவாரசியம்.

1930களில் இவான்ஸ்-பிரிட்சார்ட் என்ற மானுடவியலாளர் இன்றைய தெற்கு சூடானில் நூவர் மக்களோடு தங்கிப் பார்த்தார். மாடுதான் அவர்களுக்கு எல்லாம். அவர்களுக்கென்று ராஜா, போலீஸ், கோர்ட் எதுவும் அப்போது கிடையாது, கொலை விழுந்தால் பழிக்குப் பழிதான். கொன்றவன் நேராகச் சிறுத்தைத்தோல் போர்த்திய பெரியவர் வீட்டுக்கு ஓடுவான். அவர் அவன் கையைக் கீறி ரத்தம் வடியவிடுவார், அதுவரை பச்சைத் தண்ணீர்கூட அவனுக்கு ஆகாது. அந்த வீட்டில் இருக்கும்வரை யாரும் அவனைத் தொடமாட்டார்கள். அப்புறம் நாற்பது மாடு போல நஷ்டஈடு பேசுவார்கள். உடனே ஒத்துக்கொண்டால் செத்தவன் வீட்டுக்கு மானக்கேடு, அதனால் முடியாது என்று முறுக்குவார்கள், பெரியவர் சாபம் விடுவேன் என்பார், சரி அவருக்காக என்று இறங்கிவருவார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்திலும் 'பெரியவர் சொல்றாரேன்னுதான்' கேட்காதவர் உண்டா!

இத்தனைக்கும் அந்தப் பெரியவருக்குக் கட்டளையிடும் அதிகாரமே இல்லை. பிறகு எப்படி நடக்கிறது? 1950களில் மாக்ஸ் குளுக்மன் என்ற இன்னொரு மானுடவியலாளர் சொன்ன விளக்கம் இது: நூவர்கள் சொந்தக் குலத்தில் பெண் எடுக்கக் கூடாது, ஆக எதிரி வீட்டில்தான் மாமியாரும் அக்காவும் இருப்பார்கள். பகை தீராமல் இரு வீட்டாரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிடவும் முடியாது. இரண்டு பக்கமும் சொந்தம் உள்ளவர்கள்தான் முதலில் 'போதும்பா' என்பார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1965ல் ஆட்டர்பைன் என்ற ஆய்வாளர் தம்பதி 50 சமூகங்களை ஒப்பிட்டதில், அண்ணன் தம்பி பங்காளிகள் ஒன்றாகவே வாழும் இடங்களில் பழிச்சண்டை அதிகம் என்று தெரிந்தது. கூப்பிட்டால் கட்டையோடு வர ஆள் தயாராக இருக்கிறதே! நம் குப்பங்களிலும் ஆண்கள் பிறந்த ஊரிலேயே இருக்கிறார்கள், ஊர் மாறுவது பெண்கள். படை சேர்ப்பது பங்காளிகள் என்றால் பிரேக் போடுவது கட்டிக்கொடுத்த தங்கச்சி.

தூரம் கூடக்கூட இந்த பிரேக் பிடிக்காது. நூவர்களிடமும் அக்கம்பக்கத்துப் பகை சீக்கிரம் தீரும், தூரத்துப் பகை இழுத்துக்கொண்டே போகும்.

"பெண் கொடுத்து எடுக்காத தூரத்து ஊர்க்காரனாக இருந்திருந்தால்?" என்று அவரிடம் கேட்டேன்.

"அது வேற சண்டை" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.