ஏற்பளவு வரம்பு: ‘டோஸ்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

ஆங்கிலத்தில் ‘டோஸ்’ என்பது கொடுக்கப்படும் பொருள். தமிழில் அது வாங்கப்படும் பொருள். “காலையிலேயே மேனேஜரிடம் செம டோஸ் வாங்கினேன்” என்று சொல்லும்போது நாம் நிற்பது வாங்கும் பக்கத்தில். கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வழக்குதான் முதலில் கைகொடுக்கிறது.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல், கொடை. ஒரு வேளைக்கு மருத்துவர் கொடுக்கும் மருந்தின் அளவு என்ற பொருளோடு அது இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வடமொழியிலிருந்து நம்மிடம் வந்து தங்கிவிட்ட ‘தானம்’ என்ற சொல்லும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்ததுதான். 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தார். மருத்துவர்கள் உடனே அதை எடுத்துக்கொண்டார்கள், மருந்துக்கு இருந்த சொல்லும் கூடவே வந்து கதிருக்கு ஒட்டிக்கொண்டது.

அங்கேதான் சிக்கல். மருந்து குறைந்தால் வேலை செய்யாது, மிகுந்தால் நஞ்சாகும், நடுவில் சரியான அளவு என்று ஒன்று உண்டு. பற்றவைப்பை (வெல்டிங்) காமா கதிரால் சோதிக்கும் தொழிலாளியின் உடம்பில் படும் அந்தக் கதிருக்கு அப்படிச் சரியான அளவு ஏதும் கிடையாது. அதனால் ‘மருந்தளவு’ என்ற மொழிபெயர்ப்பு இங்கே ஒத்துவராது. கொவிட் காலத்தில் தமிழக நாளேடுகள் ‘இரண்டாம் தவணைத் தடுப்பூசி’ என்று எழுதின. தடுப்பூசிக்கு அது பொருந்தும், ஏனென்றால் முதல் தவணைக்குப் பின் அடுத்தது வர வேண்டும். கதிர்வீச்சில் யாரும் அடுத்த தவணைக்குக் காத்திருப்பதில்லை. ‘கதிர்வீச்சு அளவு’ என்று பொதுவாக எழுதிவிடுவோரும் உண்டு. அப்படி எழுதினால் அது மூலத்திலிருந்து கிளம்பும் அளவா, காற்றில் இருக்கும் அளவா, உடம்பு வாங்கிய அளவா என்பது தெரியாது.

தமிழில் அறிவியல் எழுதுவோர் கையாளும் சொல் ‘ஏற்பளவு’. ஏற்பு + அளவு. ‘ஏல்’ என்ற வினையடியிலிருந்து வந்தது ஏற்றல், அதாவது தன்மேல் வருவதைப் பெற்றுக்கொள்ளுதல். ஈதலும் ஏற்றலும் பழந்தமிழில் இணை. “ஏற்பது இகழ்ச்சி” என்று ஆத்திசூடி சொல்லும்போது அந்த ஏற்பு இரந்து பெறுவது. கதிர்வீச்சுத் துறையில் அந்த வரியைச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தவறில்லை. கொடுப்பவரைப் பார்க்கும் கிரேக்கச் சொல்லைவிட, பெறும் உடம்பைப் பார்க்கும் தமிழ்ச் சொல் இந்தத் துறைக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. விதிமுறைகள் அளந்து கணக்கு வைப்பதும் உடம்பு ஏற்றதைத்தான்.

இன்னொரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. பலதுறை மருந்தகத்து எக்ஸ்ரே இயந்திரம் கதிர்வீச்சைத் தரும், ஆனால் அதற்குக் கதிரியக்கம் இல்லை. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். தொழிற்சாலைகளில் பயன்படும் இரிடியம்-192 கதிரியக்கப் பொருள். அதை நிறுத்தப் பொத்தான் கிடையாது, கனத்த உறைக்குள் இழுத்து மூடத்தான் முடியும். சுமார் 74 நாளில் அதன் செயல்பாடு பாதியாகும்.

ஏற்பளவு மூன்று வகை. ஒரு கிலோகிராம் திசு எத்தனை ஜூல் ஆற்றலை உள்வாங்கியது என்பது உட்கவர் ஏற்பளவு, அதன் அலகு கிரே. அதே ஆற்றலை ஆல்ஃபா துகள் இறக்கினால் சேதம் கூடுதல் என்பதால் ஆல்ஃபாவுக்கு 20, எக்ஸ்ரேக்கும் காமாவுக்கும் 1 என்று பெருக்கிக் கிடைப்பது சமான ஏற்பளவு. நுரையீரல், வயிறு, எலும்பு மஜ்ஜை போன்றவை கதிருக்கு எளிதில் பாதிப்படையும், தோல் அவ்வளவாக இல்லை. அந்த வேறுபாட்டையும் சேர்த்து முழு உடம்புக்கும் ஒரே எண்ணாகக் கூட்டினால் கிடைப்பது மூன்றாவது வகை. பின்னிரண்டுக்கும் அலகு சீவர்ட், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். சீவர்ட் என்பது ஸ்வீடன் இயற்பியலாளர் ரோல்ஃப் சீவர்ட்டின் பெயர்.

இந்த மூன்றாவதைப் ‘பயனுறு ஏற்பளவு’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பயன் என்றால் நன்மை. வாங்கிய கதிர்வீச்சில் தொழிலாளிக்கு என்ன பயன்? ‘விளைவுறு ஏற்பளவு’ என்றால் சொல்ல வந்தது சரியாக வந்துவிடுகிறது. விளைவு நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம்.

அடுத்து ‘வரம்பு’. கதை சுவாரசியமாவது இங்கேதான்.

1934இல் எக்ஸ்ரே, ரேடியம் பாதுகாப்புக்கான அனைத்துலகக் குழு, நாளொன்றுக்கு 0.2 ராண்ட்ஜன் (எக்ஸ்ரேயைக் கண்டறிந்தவரின் பெயர் கொண்ட பழைய அலகு) வரை என்று ஓர் எண்ணை முன்வைத்தது. அக்காலச் சொல் ‘பொறுக்கும் அளவு’. அதற்குக் கீழே உடம்பு தாங்கிக்கொள்ளும், ஒன்றும் ஆகாது என்பது நம்பிக்கை. மரபணு மாற்றங்களைப் பற்றித் தெரியவந்ததும் நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1950இல் அந்தக் குழு இன்றைய பெயரைப் பெற்றது: கதிரியல் பாதுகாப்புக்கான அனைத்துலக ஆணையம். 1950களில் சொல்லும் மாறி ‘அனுமதிக்கத்தக்க உச்ச அளவு’ ஆனது. தாங்கும் என்று சொல்லத் துணிவில்லை, அதனால் அனுமதிக்கலாம் என்றார்கள். 1977இல் ஆணையத்தின் 26ஆம் வெளியீடு அந்தச் சொல்லையும் கைவிட்டு, வெறும் ‘வரம்பு’ என்று வைத்தது. எவ்வளவு சிறிய ஏற்பளவுக்கும் அதற்கேற்ற சிறிய ஆபத்து உண்டு என்ற அடிப்படையில் கணக்குப் போடத் தொடங்கியபின், அனுமதி என்ற சொல் பொருந்தவில்லை. ஆணையத்தின் இன்றைய மதிப்பீட்டில், உயிரைப் பறிக்கும் புற்றுநோய்க்கான வாய்ப்பு ஒரு சீவர்ட்டுக்குச் சுமார் 5 விழுக்காடு.

ஆனால் நம் செய்திகளில் இன்றும் உலவுவது அந்த 1950களின் சொல்தான்: ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்’. வேலையிடத்தில் இது என்ன செய்கிறது என்பதைப் பாதுகாப்பு வகுப்பில் நேரிலேயே பார்க்கலாம். இங்கே சிங்கப்பூரில் ஜூரோங், துவாஸ் பக்கம் குழாய்ப் பற்றவைப்பைச் சோதிக்க இரவில் ‘ஆர்டி’ (கதிர்ப்படம்) எடுக்கும் தம்பிகள் சட்டைப் பையில் ஏற்பளவைப் பதிவுசெய்யும் பேட்ஜ் மாட்டியிருப்பார்கள். அதன் அறிக்கை வரும் நாளில் ஒருவர் கேட்பார்: “அண்ணே, வருஷத்துக்கு இருபது மில்லிசீவர்ட் வரைக்கும் வாங்கலாம்தானே? எனக்கு ரெண்டுதான் வந்திருக்கு, இன்னும் பதினெட்டு பாக்கி இருக்கே?” அனுமதி என்று சொல்லிக்கொடுத்தால், அது பங்கு என்றுதான் காதில் விழும். பங்கு என்றால் மிச்சம் இருக்கும், மிச்சம் இருந்தால் செலவழிக்கலாம்.

வரம்பு என்ற சொல்லில் இந்த வழுக்கல் குறைவு. வரம்பும் வயல் வரப்பும் ஒரே சொல்தான். வரப்பின் விளிம்பு தொடும்வரை தண்ணீர் கட்டினால்தான் வயல் விளையும் என்று எந்த உழவரும் சொல்லமாட்டார். அளவோடு பாய்ச்சுவார், வரப்பு அதற்குமேல் ஒரு காப்பு. ‘எல்லை’ என்று எழுதலாமா? இடத்துக்கு எல்லை, நடத்தைக்கும் அளவுக்கும் வரம்பு என்பது வழக்கு. தமிழ்நாட்டில் நில ‘உச்சவரம்பு’ச் சட்டமும் உண்டு. ஆகவே ‘ஏற்பளவு வரம்பு’. நிறுவனம் தன் வேலைக்கென்று சட்ட வரம்புக்குக் கீழே தானே திட்டமிட்டு வைத்துக்கொள்ளும் அளவை ஆங்கிலத்தில் ‘டோஸ் கன்ஸ்ட்ரெய்ன்ட்’ என்பார்கள். அதற்கு ‘உள்வரம்பு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். ‘கட்டுப்பாடு’ என்று எழுதினால் பத்தோடு பதினொன்றாகக் கரைந்துவிடும்.

எண் எங்கிருந்து வருகிறது? அணுக்கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐநா அறிவியல் குழு 1955இல் அமைந்தது. அது ஆய்வு முடிவுகளைத் தொகுக்கிறது. அவற்றைக் கொண்டு ஆணையம் பரிந்துரை செய்கிறது. அனைத்துலக அணுசக்தி அமைப்பு அதை ‘அடிப்படைப் பாதுகாப்புத் தரநிலைகள்’ ஆக்குகிறது. 2014இல் வெளியான இப்போதைய பதிப்பில் உலகச் சுகாதார நிறுவனம், அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு உள்ளிட்ட எட்டு அமைப்புகளின் பெயர் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் அந்தத் தரநிலை தானாக எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. அந்தந்த நாடு தன் சட்டத்திலும் விதிமுறையிலும் எழுதிக்கொண்ட பிறகுதான் அதற்குப் பல் முளைக்கும். 1967 முதல் அணுசக்தி அமைப்பில் உறுப்பினராக இருக்கும் சிங்கப்பூரில் அந்த இடம், 2007ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் வரும் விதிமுறைகளும். நடைமுறைப்படுத்துவது தேசியச் சுற்றுப்புற வாரியம். அணுமின் நிலையமே இல்லாத ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவருக்கு, மருத்துவமனைகளும் கப்பல் பட்டறைகளும் பெட்ரோ ரசாயன ஆலைகளும் பதில். அணுமின்சாரம் பற்றி முடிவெடுக்காவிட்டாலும் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் அணுப் பாதுகாப்பு ஆய்வும் நடந்துவருகிறது.

தரநிலையை ‘அடாப்ட்’ செய்வதைச் சிலர் அகராதியைப் பார்த்துத் ‘தத்தெடுத்தல்’ என்று எழுதிவிடுகிறார்கள். தத்தெடுப்பது பிள்ளையை. தரநிலையை ஏற்கலாம், தழுவலாம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. எண்ணை அப்படியே எடுத்தால் ஏற்பு, நாட்டுக்கேற்ப மாற்றி எடுத்தால் தழுவல்.

எடுத்துக்காட்டு கையருகிலேயே இருக்கிறது. ஆணையம் 1990இல் வகுத்த பரிந்துரை, தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 50ஐத் தாண்டக்கூடாது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்கள் ஏற்ற அளவை மறுபடி கணக்கிட்டபோது ஆபத்து முன்பு நினைத்ததைவிடக் கூடுதல் என்று தெரிந்ததால்தான் பழைய 50 இப்படி இறங்கியது. இந்தியா ஐந்தாண்டுக்கு 100 என்பதை ஏற்றது, ஓர் ஆண்டின் உச்சத்தை மட்டும் 30 ஆக இறுக்கியது. அமெரிக்காவோ இன்னும் ஆண்டுக்கு 50இலேயே நிற்கிறது. அங்கே பேச்சும் ‘ரெம்’ என்ற பழைய அலகில்தான்: 5 ரெம் என்றால் 50 மில்லிசீவர்ட். தமிழ்நாட்டில் பயிற்சி முடித்து இங்கே வருபவர் மனத்தில் 30 இருக்கும், அமெரிக்க நிறுவனத்தின் கையேட்டில் 5 இருக்கும். உடம்பு ஒன்றே. வரம்பு இயற்கை போட்ட கோடாக இருந்தால் இத்தனை எண்கள் இருக்க முடியாது.

கண் வில்லையின் கதை இன்னும் கூர்மை. அதற்கு வரம்பு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் என்று நெடுங்காலம் இருந்தது. கண்புரை அதைவிடக் குறைந்த அளவிலேயே வரக்கூடும் என்று தெரிந்ததும், 2011 ஏப்ரலில் தென்கொரியத் தலைநகர் சோலில் கூடிய ஆணையம் அதை ஒரேயடியாகச் சராசரி 20க்கு இறக்கியது. அணுசக்தி அமைப்பின் தரநிலையும் அதை எடுத்துக்கொண்டது. இதயக் குழாய் அடைப்பை எக்ஸ்ரே பார்த்தபடியே நீக்கும் மருத்துவர்களும் தாதியரும் இதனால் ஈயக் கண்ணாடியைப் பற்றிப் புதிதாக யோசிக்க வேண்டிவந்தது.

பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். மண், வான், உணவு, காற்று வழியாக இயற்கையிலிருந்து உலக மனிதர் வாங்குவதோ சராசரியாக 2க்கும் மேல். அப்படியானால் எல்லாரும் வரம்பு மீறியவர்களா? இல்லை. திட்டமிட்டு நடத்தும் கதிர்வீச்சு வேலைகளிலிருந்து கூடுதலாகச் சேர்வதற்குத்தான் அந்த 1. நோயாளிக்கு எடுக்கும் ஸ்கேனும் அதில் சேராது. நோயாளிக்கு ஏற்பளவு வரம்பே கிடையாது, தேவையானதா என்பதும் தேவைக்குமேல் போகவில்லையா என்பதும்தான் கேள்வி. ‘வரம்பைவிடப் பத்து மடங்கு’ என்று ஒரு சிடி ஸ்கேனைப் பற்றி எழுதும் செய்தி, ஒப்பிடக்கூடாததை ஒப்பிடுகிறது.

வரம்புக்குக் கீழே என்ன செய்வது என்பதை ஆங்கிலத்தில் ‘அலாரா’ என்ற சுருக்கம் சொல்லும். 1950களில் ‘இயன்ற மிகக் குறைந்த அளவு’ என்றிருந்தது, 1973 வாக்கில் ‘நியாயமாக எட்டக்கூடிய அளவுக்குக் குறைவாக’ என்று நிலைபெற்றது. ‘இயன்றவரை குறைவாக’ என்று மொழிபெயர்ப்பவர்கள் அந்த ‘நியாயமாக’ என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். விதியின் உயிரே அதில்தான். பணச் செலவையும் சமூகத் தேவையையும் எடைபோட்டு, இந்த வேலைக்கு இவ்வளவு குறைப்பது நியாயம் என்று காரணம் காட்ட வேண்டும். ‘இயன்றவரை’ என்றால் எவரும் “எங்களால் இயன்றது இதுதான்” என்று கையை விரித்துவிடலாம்.

கடைசியாக ஒரு சின்னச் சொல். அணுசக்தி அமைப்பின் தேவைப்பாடுகள் ‘ஷால்’ என்று பேசும், வழிகாட்டிகள் ‘ஷுட்’ என்று பேசும். முன்னது கட்டாயம், பின்னது பரிந்துரை. நாடுகள் சட்டத்தில் எழுதும்போது இந்த வேறுபாடு பெரிது. தமிழிலோ இரண்டுக்கும் ‘வேண்டும்’ என்றே எழுதிவிடுகிறோம். “பேட்ஜ் அணிய வேண்டும்” என்பது தண்டனையுள்ள விதியா, நல்ல யோசனையா? இங்கே சட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதைத் தமிழில் விளக்குபவர்தான் பிரித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. கட்டாயத்துக்குக் ‘கட்டாயம் அணிய வேண்டும்’ என்றும் பரிந்துரைக்கு ‘அணிவது நல்லது’ என்றும் எழுதினால் போதும். தடைக்குக் ‘கூடாது’ இருக்கிறது. அதில் எந்த ஐயமும் வருவதில்லை.