குளிரில் கண் திறக்காத கணினி

ஏற்காட்டை ஒட்டிய நாகலூரில் ஒரு காபித் தோட்டத்துக்குக் கணக்கு எழுதுகிறார் என் சித்தப்பா. மார்கழி நடுவில் அவரிடமிருந்து போன். "தம்பி, சிஸ்டம் காலையில ஆன் ஆகவே மாட்டேங்குது. பதினொரு மணிக்கு மேல போட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி ஆன் ஆகுது. சித்தி எலுமிச்சம்பழம் வச்சு சூடம் காட்டுனதுக்கு அப்புறம்தான் ஓடுதுன்னு சொல்றா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போனேன். இரவு அங்கேயே தங்கினேன். கோளாறு காலையில்தானே வருகிறது, மத்தியானம் போய் நின்றால் ஒன்றும் தெரியாது.

மறுநாள் எட்டு மணிக்கு அறையில் 14 டிகிரி. பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை, மின்விசிறி அசையவில்லை. முதலில் எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தேன். ப்ளக் பாயிண்டில் டேபிள் லேம்ப்பைச் செருகினால் எரிகிறது. மானிட்டருக்குப் போகும் பவர் கார்டைக் கழற்றி சிபியுவுக்கு மாற்றினேன், பலனில்லை. பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்சும் ஆன். பட்டனே கெட்டிருந்தால்? கணினியின் முதன்மைச் சர்க்யூட் பலகையான மதர்போர்டில் பட்டன் ஒயர் மாட்டியிருக்கும் இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு இணைத்தேன். அதற்கும் அசையவில்லை.

கணினியின் முன்னால் இருக்கும் பட்டன் வீட்டு விளக்கு சுவிட்ச் போன்றது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது மின்சாரத்தை நேராகத் திறந்துவிடுவதில்லை. மதர்போர்டிடம் "எழுந்துகொள்" என்று கேட்கிறது, அவ்வளவுதான். அந்தக் கோரிக்கையைக் கேட்கவே மதர்போர்டில் ஒரு மூலை விழித்திருக்க வேண்டும். அதற்காக, கணினிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் தனியாக ஒரு குட்டி சப்ளை இருக்கிறது. சுவரில் சுவிட்ச் ஆனாக இருக்கும்வரை, கணினி "ஆஃப்" ஆகியிருந்தாலும், அது ஊதா நிற ஒயரில் 5 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். பட்டனை அமுக்கியதும் மதர்போர்டு பச்சை ஒயரைக் கிரவுண்டுக்கு இழுக்கும். உடனே பெரிய சப்ளை ஓடத் தொடங்கும். வோல்ட்டேஜ்கள் நிலைத்துவிட்டன என்று சாம்பல் நிற ஒயரில் சேதி வந்த பிறகே பிராசசர் வேலையைத் தொடங்கும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

ஊதா ஒயரில் மீட்டரை வைத்தேன். 5 வோல்ட் நிலையாகக் காட்ட வேண்டிய இடத்தில் எண் கொஞ்சம் ஏறுகிறது, விழுகிறது, மறுபடி ஏறுகிறது, விழுகிறது. பெட்டியருகே காதை வைத்தால் மெல்லிய டிக், டிக். பச்சை ஒயரையும் கிரவுண்டான கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. அந்தக் கோரிக்கையைக் கேட்க வேண்டிய குட்டி சப்ளையே எழவில்லையே.

குட்டி சப்ளை எழும் விதத்தைக் கிணற்று மோட்டாரை வைத்துச் சொன்னால் நம் ஊரில் உடனே புரியும். மோனோபிளாக் மோட்டாரை ஓடவிட்டால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது. முதலில் குழாயில் தண்ணீர் ஊற்றி பிரைம் செய்ய வேண்டும். ஊற்றியது, பம்பு தானாக உறிஞ்சத் தொடங்கும்வரை தாங்க வேண்டும். குறைவாக ஊற்றினால் காற்று வாங்கி நின்றுவிடும்.

230 வோல்ட் ஏசி டிசியாக மாறும்போது உச்சமாக 325 வோல்ட் வரும். குட்டி சப்ளையை நடத்தும் ஐசி என்ற சில்லுக்கு வேண்டியதோ பத்துப் பதினைந்து வோல்ட்தான். பல எஸ்எம்பிஎஸ்களில் ஒரு பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் (மின்தடை) வழியாக 325 வோல்ட்டிலிருந்து மின்சாரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு சின்னக் கெபாசிட்டரை நிரப்பும். போதுமான வோல்ட்டேஜ் சேர்ந்ததும் ஐசி விழிக்கும். விழித்தவுடன் அது இழுக்கும் மின்சாரத்துக்குச் சொட்டு வரத்து பற்றாது. கெபாசிட்டரில் சேர்த்த இருப்பைத்தான் செலவழிக்கும். அது தீர்வதற்குள் டிரான்ஸ்ஃபார்மரில் இதற்கென்றே சுற்றியிருக்கும் தனிச்சுருளில் மின்சாரம் வரத் தொடங்கிவிட்டால் சரி, பிறகு ஐசி தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்பே இருப்பு தீர்ந்தால் ஐசி கண் மூடும், மறுபடி சொட்டு சேரும், மறுபடி விழிக்கும். டிக், டிக்.

விரல் நுனி அளவுள்ள அந்தக் கெபாசிட்டரைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. அதற்குள் இரண்டு அலுமினியத் தகடுகளும் நடுவில் ஈரக் காகிதமும் பாய் போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தகட்டின்மேல் வளர்த்த அலுமினிய ஆக்சைடு படலம்தான் மின்கடத்தாத் தடுப்பு. ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் என்ற கணக்கில் அது வளரும். 50 வோல்ட் தாங்கும் கெபாசிட்டரிலும் அதன் தடிமன் ஒரு தலைமுடியின் தடிமனில் பல நூற்றில் ஒரு பங்குதான். தகட்டை அமிலத்தால் அரித்து நுண்ணிய குழிகளை உண்டாக்கியிருப்பார்கள், பரப்பு பல மடங்கு பெருகும். அந்தக் குழிகளுக்குள் நுழைந்து படலத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது காகிதத்தில் ஊறிய திரவம். படலத்துக்கு மறுபுறம் மின்முனையாக உண்மையில் வேலை செய்வது அந்தத் திரவமே.

திரவம் என்றால் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். குளிர்ந்தால் திரவம் கெட்டிப்படும், அயனிகளின் நடை தளரும், உள்தடை கூடும். ஆழமான குழிகளின் அடிவரை மின்னூட்டம் சரியாகப் போய்ச் சேராது. புதுக் கெபாசிட்டர் ஏற்காட்டுக் குளிரைப் பொருட்படுத்தாது. திரவம் பாதி காய்ந்த பழைய கெபாசிட்டருக்கு அந்தக் கொஞ்சமே போதும், காலை வாரிவிடும்.

ஏன் காய்ந்தது? அடியிலுள்ள ரப்பர் மூடி வழியாகத் திரவம் ஆண்டுக்கணக்கில் ஆவியாகிக்கொண்டிருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று விற்கப்படும் கெபாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். குட்டி சப்ளைக்கு ஓய்வே கிடையாது என்பதால் அது மூன்றரை ஆண்டைக் கொஞ்சம் தாண்டும். பக்கத்திலேயே சுடும் ரெசிஸ்டர் வேறு. சித்தப்பாவின் கணினிக்கு வயது ஏழு.

அப்படியானால் போன வருடம் எப்படி ஓடியது? சித்தப்பாவிடம் கேட்டபோது பதில் கிடைத்தது. கடந்த கோடையில் பக்கத்துத் தோட்டத்தில் இடி விழுந்ததிலிருந்து இரவில் சுவர் சுவிட்சை அணைக்கத் தொடங்கியிருக்கிறார். அதற்கு முன் குட்டி சப்ளை நிற்காமல் ஓடி, கதகதப்பாகவே இருந்தது. ஒருமுறை எழுந்துவிட்டால் அந்தக் கெபாசிட்டரின் பலவீனம் வெளியே தெரியாது. இரவெல்லாம் அணைத்துக் குளிரவிட்டு, காலையில் முதலிலிருந்து எழுப்பும்போதுதான் சிக்கல். மணி பதினொன்றாகும்போது வெயிலும், சுவிட்ச் போட்டதிலிருந்து சொட்டு விடும் ரெசிஸ்டரின் சூடும் சேர்ந்து அதைத் தேற்றிவிடுகின்றன. இடிக்குப் பயந்து அணைப்பது நல்ல பழக்கம், அதை விட வேண்டாம் என்றேன்.

சித்தி நேரத்தைச் சரியாகக் கவனித்திருந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் ஓடாது, பூஜை முடிந்து ஓடும் என்ற அந்தத் தகவல்தான் எனக்கு முதல் துப்பு. ஆனால் ஒரு நாள் பூஜைக்கு முன் அறையைச் சூடாக்கிப் பார்த்திருந்தால் உண்மைக் காரணம் அன்றே பிடிபட்டிருக்கும். இப்படி ஒன்றை மாற்றிப் பார்க்கும் பழக்கத்தைப் பள்ளியில் நாம் போதுமான அளவு கற்றுத்தரவில்லை என்பது என் வருத்தம். இன்னொரு வருத்தமும் உண்டு. திரவத்துக்குள் அயனி நகர்வதை ஆராயவென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் மாநிலத்துக்கு வந்தது. ஆராய்ச்சிக்கு நாடு செலவிடுவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பேட்டரி, கெபாசிட்டர் என்று எல்லாமே இந்த அறிவில் நிற்கும் காலத்தில் இது போதாது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். நானும் பெட்டியைக் கழற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்து பழக்கமான மெக்கானிக்கிடம்தான் கொடுத்தேன். அவர் பார்த்ததும் அந்தச் சின்னக் கெபாசிட்டரைக் காட்டி, "கண்டன்சர் காஞ்சு போச்சுங்க" என்றார். 105 டிகிரி போட்ட புதியதை வைத்துக் கொடுத்தார்.

பழையதைக் கேட்டு வாங்கி வந்தேன். மேலே அதன் கொள்ளளவு 47 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 11 காட்டியது. ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் 6. பிறகு ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்கையில் மூடிக்கொண்டு மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். 7, 8, 9 என்று எண் ஏறிக்கொண்டே வந்தது.