போரிங்குக்கு முன் என்ஜின் பிளாக்கைச் சுத்தம் செய்தல்

என்ஜின் பிளாக்கில் பிஸ்டன் ஓடித் தேய்ந்த சிலிண்டரை போரிங் செய்யும்போது, அதாவது உட்சுவரை வெட்டி அகலப்படுத்தும்போது, அதன் விட்டம் பெரும்பாலும் 0.25 அல்லது 0.50 மி.மீ. மட்டுமே கூட்டப்படுகிறது. வேலை முடிந்தபின் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளே. இவ்வளவு நுண்ணிய வேலையில் அழுக்கும் ஓர் அளவுப் பிழையாகிவிடுகிறது. 200 மி.மீ. அகலமுள்ள பிளாக்கின் ஒரு விளிம்பில், இயந்திர மேடையில் அமரும் இடத்தில், 0.1 மி.மீ. தடிப்பில் பழைய காஸ்கெட் (கசிவு தடுக்கும் அட்டை) துணுக்கு ஒட்டியிருந்தால், 150 மி.மீ. ஆழமுள்ள சிலிண்டரின் அடி ஏறத்தாழ 0.075 மி.மீ. விலகிப்போகும், வெட்டிய துளை பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கு நேர்செங்குத்தாக நிற்காது.

ஆகவே முதலில் பிளாக்கை முழுவதும் கழற்ற வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் மூடிகளான மெயின் பேரிங் கேப்கள் அந்தந்த இடத்தில் வைத்தே துளையிடப்பட்டவை என்பதால், எது எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறியிட்ட பிறகே எடுக்க வேண்டும். கேம் புஷ்கள் (கேம் ஷாஃப்ட் சுழலும் வளையங்கள்), கோர் பிளக்குகள் (வார்ப்புத் துளைகளை மூடும் தகடுகள்) ஆகியவற்றோடு, ஆயில் செல்லும் நீண்ட துளைகளின் முனைகளை அடைத்திருக்கும் பிளக்குகளையும் தவறாமல் எடுக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன். ஆயில் ஓட்டமில்லாத அந்த முட்டுச்சந்துகளில்தான் கரிய கசடு இறுகிக் கிடக்கும். பிளக்கை எடுக்காமல் எவ்வளவு கழுவினாலும் அது வெளியே வராது; நீண்ட பிரஷ்ஷை முனைக்கு முனை விட்டு இழுக்க வேண்டும்.

வார்ப்பிரும்பு பிளாக்குகளைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பது வழக்கம். ஆயில் சிதைந்து உண்டான அமிலத்தன்மையுள்ள பிசினை சோடா கரையும் உப்பாக மாற்றுகிறது. மினரல் ஆயில் அப்படி மாறாது. கரைசலில் சேர்க்கப்படும் சோப்புப் பொருளே அதை நுண்துளிகளாக்கித் தண்ணீரோடு கலந்து போகச் செய்கிறது. தண்ணீர்ப் பாதையில் படிந்த உப்புப் படிவத்தை காஸ்டிக் கரைக்காது. அலுமினிய பிளாக்கை இந்தத் தொட்டியில் இறக்கவே கூடாது, ஏனெனில் சோடா அலுமினியத்தையே அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

சுத்தமான பிறகுதான் விரிசல் சோதனைக்குப் பொருள் உண்டு. இரும்பைக் காந்தப்படுத்தினால், விரிசல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிந்து, தூவிய இரும்புத்தூளைக் கோடாகச் சேர்த்துக் காட்டும். புலத்துக்கு இணையாக ஓடும் விரிசல் தெரியாது என்பதால் இரு திசைகளில் சோதிக்க வேண்டும். அலுமினியத்துக்கு இது பயன்படாது. அதற்குச் விரிசலுக்குள் புகும் சாயத்தைப் பூசிப் பார்க்கும் முறையே ஏற்றது.

அளவெடுக்கும் முன் பிளாக்கும் அளவுக்கருவியும் ஒரே வெப்பநிலைக்கு வர வேண்டும். 100 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்புத் துளை 30 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 0.03 மி.மீ. பெரிதாகக் காட்டும்.

போரிங்குக்குப் பின் சிலிண்டர் சுவரைச் சாணைக்கல்லால் இழைக்கும் ஹோனிங் முடிந்தபின் மறுபடியும் கழுவ வேண்டும், அதுவும் முன்னதைவிடக் கவனமாக. சாணைக்கல்லின் துகள்கள் குறுக்குக் கீறல்களுக்குள் தங்கியிருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஆயிலை மட்டும் அகற்றிவிட்டுத் துகளை அங்கேயே விட்டுவிடும். வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் துளியும் ஏறாத வரை கழுவ வேண்டும். ஆயில் துளைகளிலும் மீண்டும் பிரஷ் விட்டு, காற்றடித்து உலர்த்தியதும் உடனே ஆயில் பூச வேண்டும். பாதுகாப்பற்ற இரும்பு ஈரத்தில் வெகு விரைவில் துருவேறிவிடும்.